சுவரொட்டி விடிவதற்குள் காய்கிறது, கல்யாணப் பத்திரிகை ஏன் காய்வதில்லை?

மதுரையில் ஒருவர் மாலையில் காலமானால், மறுநாள் விடிவதற்குள் அவர் படம் போட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி தெருமுனையில் நிற்கும். இரவு ஒன்பது மணிக்கு இயந்திரத்தில் ஏறும் தாள், மூன்று மணிக்கெல்லாம் மைதாப் பசையோடு சுவரில் ஏறிவிடும். அதே அச்சகத்தில், அதே ஆப்செட் இயந்திரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தால், "நாளை மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார் உரிமையாளர். அடித்து முடித்துவிட்டேன் என்கிறார், ஆனால் தரமாட்டேன் என்கிறார். முகூர்த்தம் நெருங்கும் வீட்டுக்காரருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனாலும் உரிமையாளர் கேட்கும் ஒன்றரை நாள் நியாயமானது. அந்த நேரத்தில் அச்சான தாள்களின் அடுக்குக்குள் ஒரு வேதிவினை நடந்துகொண்டிருக்கிறது.

அச்சு மையில் நிறமித் தூள் இருக்கிறது; அதைச் சுமந்துவரும் பிசின் கலந்த எண்ணெயோ கரைப்பானோ இருக்கிறது; சிறிதளவு சேர்மானங்களும் உண்டு. நிறமி எப்போதுமே உலர்ந்த தூள்தான். காய வேண்டியது அதைச் சுமந்து வந்த திரவம். அந்தத் திரவம் தாளுக்குள் இறங்கலாம், ஆவியாகிப் போகலாம், காற்றோடு வினைபுரிந்து கெட்டியாகலாம், ஒளி பட்ட நொடியில் இறுகலாம். எது நடக்கும் என்பதை மையும் அது போய் உட்காரும் பரப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கொடியில் போட்ட ஈரத்துணியைப் போல எண்ணிக்கொண்டு மின்விசிறியைத் திருப்பி வைப்பதால் எல்லா மையும் காய்ந்துவிடாது.

சுவரொட்டிக்குப் போடுவது மேற்பூச்சு இல்லாத மெல்லிய தாள். அதன் நார்களுக்கு இடையே நுண்ணிய துளைகள் ஏராளம். ஆப்செட்டில் தாளின் மேல் ஏறும் மைப் படலத்தின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ. அவ்வளவு மெல்லிய படலத்திலிருந்து எண்ணெய் கீழே இறங்க அதிக நேரம் ஆகாது. நிறமியும் பிசினும் மேலே தங்கிவிடும். சில நிமிடங்களில் கையில் ஒட்டாத நிலை வந்துவிடும். சுவரில் ஒட்டி, மழை வரும்வரை தாங்கினால் போதும் என்ற வேலைக்கு இது தாராளம்.

செய்தித்தாள் இதே வழியின் உச்சம். 1942இல் தினத்தந்தி பிறந்த ஊர் மதுரை. இன்று பெரிய நாளிதழ்களை அச்சிடும் ரோட்டரி இயந்திரங்கள் மணிக்கு முப்பதாயிரம் பிரதிகளுக்கு மேல் தள்ளுகின்றன. அந்த வேகத்தில் மை காய்வதற்காக யாரும் காத்திருப்பதில்லை. கோல்ட்செட் எனப்படும் அந்த மை வெப்பமும் கேட்பதில்லை, காற்றையும் எதிர்பார்ப்பதில்லை. அதிலுள்ள எண்ணெய் நியூஸ்பிரிண்ட் தாளுக்குள் ஊறிப்போகிறது, அவ்வளவுதான். வேதியியல் கணக்கில் பார்த்தால் அந்த மை ஒருநாளும் முழுதாகக் காய்வதே இல்லை. காலையில் பேப்பர் படித்தவர் விரல் கறுப்பதற்குக் காரணம் இதுதான். இதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. கொதிக்கும் எண்ணெயில் போட்டெடுத்த வடையை அந்தத் தாளில் வைத்தால், ஊறிக்கிடக்கும் கனிம எண்ணெயும் நிறமியும் சூடான சமையல் எண்ணெயில் எளிதாகக் கரைந்து வடைக்கு வந்துசேரும். உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு ஒழுங்குமுறைகள் தடை விதித்திருக்கின்றன. டீக்கடை மேசைகளில் அந்தத் தடை இன்னும் பெயரளவில்தான் இருக்கிறது. வாழையிலை கிடைக்கும் ஊரில் இதற்குச் சமாதானம் ஏதும் இல்லை.

கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் ஆர்ட் தாள் வேறு ரகம். அதன் மேல் வெண்களிமண்ணும் கால்சியம் கார்பனேட்டும் கலந்த பூச்சு இருக்கிறது. பளபளப்பு அதனால் வருகிறது. பூச்சிலும் துளைகள் உண்டு, ஆனால் மிக மிக நுண்ணியவை. மையில் இருக்கும் நீர்த்த எண்ணெயை மட்டும் அவை உறிஞ்சுகின்றன. கனத்த பிசின் மேலேயே நின்று கூழ்போல் திரள்கிறது. இதை அச்சகத்தார் 'செட்' ஆவது என்பார்கள். ஐந்து பத்து நிமிடங்களில் செட் ஆகிவிடும். அடுத்த தாள் மேலே விழலாம், மெதுவாகத் தொட்டால் ஒட்டாது. ஆனால் நகத்தால் கீறினால் வரும், மடித்தால் மடிப்பில் உரியும், உறைக்குள் திணித்தால் உறையில் இழுவும். பெரும்பாலான தகராறுகள் செட் ஆவதற்கும் காய்வதற்கும் இடையிலான இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

முழுதாகக் காய்வது என்பது ஆக்சிஜனோடு நடக்கும் வினை. அதைப் பார்க்க அச்சகத்துக்குப் போக வேண்டியதில்லை. சமையலறையில் சூரியகாந்தி எண்ணெய் வைத்திருக்கும் பாத்திரத்தின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வழிந்து நாளான எண்ணெய் மஞ்சள் கோந்துபோல் பிசுபிசுத்துக் கிடக்கும். சோப்பு போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது. அந்த எண்ணெய் ஆவியாகவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல் பின்னிக்கொண்டன. தேங்காய் எண்ணெய்ப் புட்டியின் வாயில் இந்தக் கோந்து கட்டாது. ஆக்சிஜன் பற்றிக்கொள்ளத் தேவையான இரட்டைப் பிணைப்புகள் அதில் மிகக் குறைவு. ஆளிவிதை எண்ணெயில் அவை மிக அதிகம். நூற்றாண்டுகளாக அச்சு மைக்கும் ஓவிய வண்ணத்துக்கும் ஆளிவிதை எண்ணெயைத் தேடிப் போனது இதற்காகத்தான். இன்றைய ஆப்செட் மைகளில் ஆளிவிதை, சோயா போன்ற எண்ணெய்களையும் அவற்றிலிருந்து செய்த அல்கைடு பிசின்களையும் பயன்படுத்துகிறார்கள். ஆக்சிஜன் உள்ளே சேர்வதால், காயும் ஆளிவிதை எண்ணெய்ப் படலத்தின் எடை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி.

இந்த வினையை அதன் போக்கில் விட்டால் நாள்கணக்கில் ஆகும். அதனால் வினையை விரைவுபடுத்தும் டிரையர் என்ற சேர்மானத்தை மையில் சேர்க்கிறார்கள். கோபால்ட் உப்பு மேற்பரப்பை வேகமாகக் காய வைக்கும். மாங்கனீசு உப்பு படலத்தின் உட்பகுதிவரை போய் வேலை செய்யும். அவசர வேலை என்று இயந்திரத்தின் பக்கத்தில் நின்று டிரையரைக் கூடுதலாக ஊற்றுவது பல இடங்களில் நடக்கிறது. அது பலனைவிடக் கெடுதலையே தரும். கோபால்ட் மிகுந்தால் மேலே தோல் கட்டிவிடும். ஆக்சிஜன் உள்ளே நுழைய வழியில்லாமல் அடியில் மை பச்சையாகவே கிடக்கும். இயந்திரத்தின் உருளைகளிலேயே மை இறுகத் தொடங்கி, கழுவுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கறுப்பு மைக்குத் தனித் தொல்லை ஒன்றுண்டு. அதிலுள்ள கார்பன் துகள்கள் டிரையரைத் தம் மேல் இழுத்து வைத்துக்கொள்கின்றன. நெடுநாள் கிடந்த டின்னைத் திறந்து அடித்தால் காயாமல் இழுத்தடிப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி அடுக்கைப் பார்ப்போம். இயந்திரத்திலிருந்து தாள் வெளியே வந்து விழும் டெலிவரியில் ஆயிரக்கணக்கான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஒவ்வொன்றின் முகத்திலும் ஈர மை; அதன்மேல் அடுத்த தாளின் முதுகு. அடுக்கு உயர உயர அடித்தாளின் மேல் சுமை ஏறுகிறது, முகத்து மை முதுகில் பதிகிறது. இதற்குப் பெயர் செட்-ஆஃப். இன்னும் மோசமானால் தாள்கள் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கிழியும். இதைத் தடுக்கத்தான் டெலிவரியின் மேலிருந்து பவுடர் தூவுகிறார்கள். அது பெரும்பாலும் மக்காச்சோள மாவிலிருந்து செய்த மிக நுண்ணிய மணிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபது முப்பது மைக்ரான். மைப் படலமோ இரண்டு மைக்ரான்தான் என்பதால், இரு தாள்களுக்கு நடுவே அந்த மணிகள் தூண்போல் நின்று இடைவெளி விடுகின்றன. அந்த இடைவெளி வழியாகவே ஆக்சிஜனும் உள்ளே போகிறது. பவுடர் மையைக் காய வைப்பதில்லை. காய்வதற்கு இடம் கொடுக்கிறது.

அனுபவமுள்ள இயந்திர இயக்குநர் அடுக்கின் மேல்தாளைப் பார்த்து எதையும் முடிவு செய்யமாட்டார். மேல்தாளுக்குக் காற்று தாராளமாகக் கிடைக்கும், அது முதலில் காய்ந்துவிடும். அவர் அடுக்கின் நடுவில் கை கொடுத்து ஒரு தாளை உருவுவார். மை கனமாக விழுந்த இடமாகப் பார்த்துக் கட்டைவிரலை அழுத்தி ஒரு திருகு திருகுவார். விரல்ரேகை பதிகிறதா, நிறம் வருகிறதா என்று பார்ப்பார். பிறகு தாளைத் திருப்பி, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து முதுகில் நிழல்போல் ஏதாவது தெரிகிறதா என்று தேடுவார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்ப்பார். வினை நடந்துகொண்டிருக்கும்போது அந்த எண்ணெய்களுக்கே உரிய ஒரு வாடை இருக்கும். வினையில் வெப்பமும் வெளிப்படுவதால், பெரிய அடுக்கின் நடுவில் கை வைத்தால் லேசான சூடு தெரியும். இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் கட்டிங்குக்கு அனுப்பி வீணான தாள்களுக்குக் கணக்கில்லை.

மதுரையிலிருந்து எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவகாசியில் இந்த வேதியியல் ஊரின் பொருளாதாரமாகவே இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு வண்ண உறை வேண்டும் என்பதிலிருந்து அச்சுத் தொழில் அங்கே வேர்விட்டது. மழை குறைந்த அந்த வறண்ட பூமி தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் ஏற்றது என்று எல்லோரும் சொல்வார்கள். மைக்கும் அதுவே ஏற்றது. காற்றில் ஈரம் மிகுந்தால் ஆக்சிஜனேற்றம் மந்தமாகிவிடும். தாளும் ஈரத்தை வாங்கிவைத்துக்கொண்டு எண்ணெயை உறிஞ்ச மறுக்கும். வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொது விதி. அந்தக் கணக்கில் சித்திரை, வைகாசி மாதங்கள் அச்சகத்துக்குப் பொற்காலம்.

சிக்கல் என்னவென்றால் காலண்டர் வேலை சித்திரையில் வருவதில்லை. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குவது சிவகாசி வழக்கம். வேலை உச்சத்துக்கு வருவது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில், அதாவது வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களில். ஆண்டு முழுவதும் காய்ந்து கிடக்கும் ஊர், மை காய வேண்டிய மூன்று மாதங்களில் மட்டும் நனைந்து கிடக்கிறது! டிசம்பர் முடிவதற்குள் சரக்கு போய்ச் சேராவிட்டால் காலண்டருக்கு மதிப்பே இல்லை. சாமி படம் போட்ட அட்டையில் அடர் சிவப்பும் தங்க நிறமும் கறுப்பும் அடர்த்தியாக விழும்; காய மிகுந்த நேரம் கேட்கும் வேலை அது. மழை நாளில் தாள் கட்டைப் பிரித்துப் போடாமல் மூடியே வைத்திருப்பதும், அச்சு அறையில் ஈரப்பதத்தை ஐம்பது, ஐம்பத்தைந்து சதவீதத்துக்குள் நிறுத்துவதும், அடுக்குகளைத் தாழ்வாகக் கட்டி இடையிடையே பலகை கொடுப்பதும் அந்தப் பருவத்தில் வேலையைக் காப்பாற்றும் காரியங்கள்.

தண்ணீரும் இதில் ஒரு கை. ஆப்செட்டில் பிளேட்டை ஈரமாக வைத்திருக்க ஃபவுண்டன் கரைசல் ஓடும். அதன் பிஎச் அளவு பொதுவாக 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். பிஎச் அதற்குக் கீழே இறங்கி அமிலத்தன்மை கூடினால் அது டிரையரோடு வினைபுரிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் கடினநீர். அதைச் சமாளிக்க ஃபவுண்டன் கரைசலை இஷ்டத்துக்கு ஊற்றினால், மை ஏன் காயவில்லை என்று மை கம்பெனிக்காரரிடம் சண்டை போடுவதில் போய் முடியும். சுத்திகரித்த நீரும் ஒரு பிஎச் மீட்டரும் வாங்கும் செலவு, வீணாகும் ஒரே ஒரு வேலையின் செலவைவிடக் குறைவு.

வடிவமைப்பாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நான்கு நிறங்களும் ஒரே இடத்தில் முழு அளவில் விழுந்தால் மொத்த மை 400 சதவீதம். ஆர்ட் தாளில் 300 சதவீதம் அளவிலும், நியூஸ்பிரிண்டில் 240 சதவீதம் அளவிலும் நிறுத்துவது தொழில் நெறி. கணினித் திரையில் ஆழமான கறுப்பு அழகாகத் தெரிகிறது என்று நான்கையும் அள்ளிப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் சரக்கு வேண்டும் என்பது நடக்காத காரியம்.

காத்திருக்க முடியாது என்பவர்களுக்காக வந்தவைதான் உலர்த்தும் கருவிகள். எளிமையானது அகச்சிவப்பு விளக்கு. டெலிவரியில் பொருத்தினால் தாளைச் சூடாக்கி மை செட் ஆவதை விரைவுபடுத்தும். ஆனால் ஆக்சிஜன் வேலையை அது செய்துவிடாது. சூட்டை மிகுதியாக வைத்தால் அடுக்கே வெந்து ஒட்டிக்கொள்ளும். வார இதழ்களின் பளபளப்பான பக்கங்களை உருளைத் தாளில் அடிக்கும் ஹீட்செட் இயந்திரங்களில், தாள் நீண்ட வெப்ப அறைக்குள் நுழைந்து ஏறத்தாழ ஒரு நொடியில் வெளியே வரும். அதற்குள் 120 டிகிரியைத் தாண்டிச் சூடாகி எண்ணெயின் பெரும்பகுதி ஆவியாகியிருக்கும்; உடனே குளிர் உருளைகளில் சுற்றிப் போகும்போது மீந்த பிசின் இறுகிவிடும். பெரிய முதலீடு, பெரிய எரிவாயுச் செலவு. லட்சக்கணக்கில் பிரதி போனால்தான் கட்டுப்படியாகும்.

ஆட்டத்தையே மாற்றியது யூவி, அதாவது புற ஊதா ஒளியில் இறுகும் மை. இந்த மையில் காய வேண்டிய எண்ணெயே இல்லை, ஆவியாக வேண்டிய கரைப்பானும் இல்லை. அக்ரிலேட் மூலக்கூறுகளும், புற ஊதா ஒளி பட்டால் உடைந்து வினையைத் தொடங்கிவைக்கும் ஒளித்தூண்டிகளும் இருக்கின்றன. விளக்கின் அடியில் தாள் கடக்கும் கண்ணிமைப்பில் படலம் முழுவதும் இறுகிவிடும். பவுடர் வேண்டாம், காத்திருக்க வேண்டாம், உடனே கட்டிங்குக்குப் போகலாம். உறிஞ்சவே தெரியாத பிளாஸ்டிக் தாளிலும் வெள்ளி அட்டையிலும் அடிக்கலாம். எண்ணெய் மை உயிர் வாழ்வதே ஆக்சிஜனால். யூவி மைக்கோ ஆக்சிஜன்தான் எதிரி. மேற்பரப்பில் தொடங்கும் வினையைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் குறுக்கே புகுந்து நிறுத்திவிடும். விளக்கின் வலு குறைந்தால் மேலே பிசுபிசுப்பு நிற்பது இதனால்தான்.

பழைய யூவி விளக்குகள் பாதரச ஆவியில் எரிபவை. சூடேற நேரம் எடுக்கும், மிகுந்த மின்சாரம் தின்னும், ஓசோன் வாயுவை உண்டாக்குவதால் புகைபோக்கி கட்டாயம். ஆயிரம், இரண்டாயிரம் மணி நேரத்தில் வலுவிழக்கும். எல்இடி விளக்கு வந்தபின் நிலைமை மாறியது. 365, 385, 395 நானோமீட்டர் என்று குறுகிய அலைநீளத்தில் மட்டும் ஒளிவிடும், பொத்தானை அழுத்தியதும் எரியும், ஓசோன் இல்லை, இருபதாயிரம் மணி நேரத்துக்கு மேல் உழைக்கும். மையும் அந்த அலைநீளத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பழைய யூவி மையை எல்இடியின் கீழ் ஓட்டினால் சரியாகக் காயாது. விலையும் கூடுதல். இரண்டு மூன்று மாதத்தில் ஆண்டு வருமானத்தைப் பார்க்க வேண்டிய காலண்டர் ஊருக்கு மழையை வெல்லும் வழி இதுவே என்று நான் நினைக்கிறேன். சிறிய அச்சகங்களுக்கு வங்கிக் கடன் கிடைத்தால் மாற்றம் விரைவில் வரும்.

ஆனால் யூவியைச் சர்வரோக நிவாரணியாகப் பேசுவது தவறு. 2005இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பாலில் ஐடிஎக்ஸ் என்ற ஒளித்தூண்டி கண்டுபிடிக்கப்பட்டு, பல லட்சம் லிட்டர் பால் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது. மை அச்சிடப்பட்டது அட்டைப்பெட்டியின் வெளிப்புறத்தில். உருளையாகச் சுற்றிவைத்தபோது வெளிமுகம் அடுத்த சுற்றின் உள்முகத்தைத் தொட்டது. வினையில் சேராமல் மீந்திருந்த மூலக்கூறுகள் அங்கே ஒட்டிக்கொண்டு, பிறகு பாலுக்குப் போயின. அடுக்கில் நடக்கும் அதே செட்-ஆஃப்தான், இம்முறை கண்ணுக்குத் தெரியாமல். உணவுப் பொதிக்கு, இடம்பெயராத வகை மைகளைத் தனியாகத் தயாரிக்கும் அக்கறை அதற்குப் பிறகு வலுப்பெற்றது. இறுகாத அக்ரிலேட் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும் என்பதால் கையுறை இல்லாமல் இந்த மையைத் தொடக் கூடாது.

பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுகளை, குழி செதுக்கிய உருளை கொண்ட கிராவூர், நெகிழும் பிளேட் கொண்ட ஃபிளெக்ஸோ இயந்திரங்களில் அடிப்பார்கள். அங்கே கரைப்பான் ஆவியாகி மை காய்கிறது. ஒவ்வொரு நிறத்துக்குப் பின்னும் சூடான காற்று வீசும். எதில் ஆவியாகும் வேகம் மிகுதியோ அதில் தீப்பிடிக்கும் ஆபத்தும் மிகுதி. அங்கே பயன்படும் எத்தில் அசிடேட், தண்ணீரின் உறைநிலைக்குக் கீழேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும் திரவம். படலத்துக்குள் மீந்துபோன கரைப்பான், பாக்கெட்டைப் பிரித்ததும் மூக்கில் அடிக்கும். நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் டொலுவீனை, 2020இல் திருத்தப்பட்ட இந்தியத் தரநிலை ஐஎஸ் 15495 உணவுப் பொதி மைகளிலிருந்து விலக்கியது. அட்டைப்பெட்டிகளில் தண்ணீர் மை போதும். அதில் பிசினைக் கரைத்து வைத்திருக்கும் அமைன் என்ற காரப் பொருள் ஆவியாகிப் போனதும் பிசின் தண்ணீரில் கரையாத நிலைக்கு மாறிவிடும்.

2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கிய பிறகு துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்டிங் வேலை கூடியிருக்கிறது. ஸ்கிரீனில் விழும் மை ஆப்செட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கனமானது. வெயிலில் காயப்போட்டால் தண்ணீர் போய்விடும், கையில் ஒட்டாது. அதோடு வேலை முடிந்ததாகப் பலர் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். துணியோடு மையைப் பிணைக்கும் பசை இறுக, மையின் வகையைப் பொறுத்து 150 டிகிரி அளவில் சில நிமிடச் சூடு வேண்டும். மதுரை வெயிலாலும் அது முடியாது. சூடு கொடுக்காத பையின் எழுத்து இரண்டு மூன்று சலவையில் வெளுக்கும். ஒரு பையை வாங்கி, ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்துவிட்டு மீதி ஆர்டரைக் கொடுப்பது நல்லது.

ஃபிளெக்ஸ் பேனர் கடைகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங்கே மையிலிருக்கும் கரைப்பான் பிவிசி பரப்பைச் சற்றே கரைத்து, நிறமியை உள்ளே பதித்துவிட்டு ஆவியாகிறது. அந்த ஆவி எங்கே போகிறது? இயந்திரம் சூடாகக் கூடாது என்று குளிர்சாதனம் போட்டு, சன்னல்களை அடைத்த சிறிய அறைக்குள்தான் நிற்கிறது. இருபது வயதுப் பையன்கள் இரவு முழுக்க அதை மூச்சாக இழுத்துக்கொண்டு நாளைய பிறந்தநாள் பேனரை ஓட்டுகிறார்கள். இயந்திரத்தின் உலர்த்தும் பகுதிக்கு நேர் மேலே, வெளிக்காற்றில் போய்த் திறக்கும் குழாயோடு ஒரு காற்றுப்போக்கி வைப்பதற்கு ஆகும் செலவு, அந்த இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. உரிமம் கொடுக்கும்போதே அதைக் கட்டாயமாக்க வேண்டும். கடை உரிமையாளர்கள் அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.